சீட்டு நாள் சாப்பாடு

சீட்டு விளையாட வருகிறவர்களுக்குச் சோறு போட வேண்டுமா, வேண்டாமா என்பதில் எங்கள் நான்கு பேருக்குள் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. துருப்புச் சீட்டு விஷயத்தில்கூட இவ்வளவு சண்டை வந்ததில்லை.

தென்காசியில் மருந்துக் கடை வைத்திருப்பவர் எங்களில் இளையவர். அவர் சாப்பாட்டுக்கு எதிர்க்கட்சி. தின்ற கையோடு சீட்டைத் தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு ஏறும், ராஜா சீட்டின் முதுகுக் கறையை வைத்தே எதிராளி சீட்டைக் கண்டுபிடித்துவிடுவான், உண்ட மயக்கத்தில் ஜோடி கொட்டாவி விடுவான் என்று அடுக்குவார். செங்கோட்டையிலிருந்து வருகிறவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். ஒரு கட்டஞ்சாயாவும் ஒரு தட்டு மிக்சரும் போதும் என்று நடுவழி சொல்வார். கீழப்பாவூரிலிருந்து பைக்கில் வருகிற வாத்தியார் என்னுடைய ஜோடி. அவர் சோற்றுக் கட்சி. வீடு தேடி வந்தவனை வெறும் மிக்சரோடு அனுப்புகிறவன் எல்லாம் ஒரு மனுஷனா என்று கேட்டுவிட்டு, மிக்சரில் இருக்கும் கடலையை மட்டும் பொறுக்கித் தின்பார்.

நாங்கள் ஆடுவது இருபத்தெட்டு என்கிற ஆட்டம். இரண்டு பேருக்கு இரண்டு பேர். காசு கிடையாது. தோற்ற ஜோடி காதில் துணி கிளிப்பை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும், ஜெயித்தால்தான் கழற்றலாம். செங்கோட்டைக்காரர் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் இது. அங்கே அதற்குக் குணுக்கு என்று பெயராம். ஞாயிற்றுக்கிழமை பகலில் கூடுவோம். வாரம் ஒருவர் வீடு என்று முறை வைத்திருந்தோம்.

என் வீட்டு முறை வந்தால் இந்த விவாதத்துக்கெல்லாம் இடமில்லை. என் மனைவி சோறு போட்டுவிடுவாள். சீட்டைக் கையால் தொட்டதில்லை அவள். கிளாவருக்கும் இஸ்பேடுக்கும் வித்தியாசம் தெரியாது. "சீட்டு வெளையாட வந்தா நாலு பேரு. சாப்பிட்டுப் போனா விருந்தாளி. எது வேணும் உங்களுக்கு?" என்று கேட்பாள். இலை போட்டுவிட்டு வந்து, "அண்ணாச்சிமாரெல்லாம் சீட்டக் கீழ வைங்க" என்பாள். மருந்துக் கடைக்காரர்தான் முதலில் எழுந்திருப்பார்.

எல்லாரும் கை கழுவப் போனதும் அவள் இலைகளைத்தான் பார்ப்பாள். எங்கள் பக்கத்தில் நல்ல வீட்டுச் சாப்பாடு என்றால் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக இழுத்து மூடுவோம். இன்னும் வருவோம், உறவு வேண்டும் என்று அதற்கு அர்த்தம். துக்க வீட்டில் சாப்பிட்டால் கீழ்ப்பாதியை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூட வேண்டும். இது இனி இந்த வீட்டில் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். எல்லா இலையும் உட்பக்கமாக மூடியிருப்பதைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. "வேற எப்படிட்டி மூடுவாங்க? இது என்ன எழவு வீடா?" என்று நான் கேலி செய்வேன். "அவசரத்துல மாத்தி மூடிட்டுப் போனா நமக்குல்லா ஆகாது" என்பாள்.

போன வருஷம் குற்றாலச் சீசன் தொடங்குவதற்கு முன்னால் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதப் போவதில்லை.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வேண்டும். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டை ஒட்டிய தெருவில் வீடு வைத்திருப்பவனுக்கு ஜூன் மாதம் பிறந்தால் தனிமை என்ற பேச்சுக்கே இடம் கிடையாது. அவள் இருந்தவரை, மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தால் மாவுக்கு அரிசி ஊறப்போடுவாள். சாரல் விழுந்தால் சொந்தம் எல்லாம் வண்டி எடுத்து வந்துவிடும். அருவியில் நின்றுவிட்டு வருகிறவனுக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும். ஈரத் துண்டுகள் கொடியில் இடமில்லாமல் ஜன்னல் கம்பியிலும் தொங்கும். இட்லிச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது. எனக்கு எரிச்சலாக வரும். இது வீடா சத்திரமா என்று முணுமுணுத்திருக்கிறேன்.

அவள் போன பிறகு வந்த சீசனில் அருவியில் நல்ல தண்ணீர். ரோட்டில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஒரு வண்டியும் எங்கள் தெருவுக்குள் திரும்பவில்லை. அவர்களும் வரத்தான் செய்தார்கள். ரூம் எடுத்துக் குளித்துவிட்டு, ஊர் போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்தார்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்னுதான் வரல" என்றார்கள். எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். அந்தச் சிரமம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கொடியில் என் ஒற்றைத் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

சீட்டுக் கூட்டமும் அதையேதான் செய்தது. துக்கம் கேட்டு வந்தவர்கள் கொஞ்ச நாளில் என்னை மறுபடியும் ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். மருந்துக் கடை மாடி, செங்கோட்டை, கீழப்பாவூர், மறுபடியும் மருந்துக் கடை மாடி. என் முறை வரவே இல்லை. யாரும் அதைப் பேசவும் இல்லை. போகிற இடமெல்லாம் எனக்கு நல்ல நாற்காலி போட்டார்கள். நான் தோற்றால் கிளிப் மாட்டச் சொல்லாமல் விட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு மனிதன் எத்தனை நாள்தான் விருந்தாளியாகவே இருப்பது? தன் வீட்டுக்கு நாலு பேர் வருவார்கள் என்றால்தான் ஒருவன் வீட்டைக் கூட்டுகிறான், சட்டை போட்டுக்கொள்கிறான். எனக்கு என் முறை திரும்ப வேண்டும். அதைத் தவிர அப்போது எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

முதல் திவசம் முடிந்ததும் கேட்டுவிட்டேன். கீழப்பாவூரில் ஆட்டம் முடிந்து செருப்பு மாட்டும்போது, அடுத்த வாரம் என் வீட்டில் என்றேன். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வருதோம்வே. ஆனா சாப்பாடு கீப்பாடுன்னு ஒண்ணும் வைக்கக் கூடாது. நாங்க சாப்பிட்டுட்டே வந்துருதோம்" என்றார் வாத்தியார். சோற்றுக் கட்சித் தலைவரே அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

சாப்பிட்டுவிட்டே வந்தார்கள். பிளாஸ்கில் வாங்கி வைத்த டீயைக் குடித்தார்கள். நன்றாகத்தான் ஆடினோம். ஆனால் சாப்பாடு இல்லாத வீட்டில் ஆட்டம் முடிந்தால் எல்லாம் முடிந்தது. பழைய நாட்களில் சாப்பிட்டபின் சுவரில் சாய்ந்துகொண்டு பேசிய பேச்சு ஆட்டத்தைவிட நீளமாக இருக்கும். கை காய்ந்து, அதை மறந்து, அப்படியே பேசிக்கொண்டிருப்போம். இப்போது கடைசிச் சீட்டு விழுந்ததும் சட்டைப்பையில் சாவி தேடினார்கள். வெயில் இறங்குவதற்குள் வீடு காலி. டீ டம்ளர்களை ஒன்றாக அடுக்கியபோது அவை போட்ட சத்தம் கூடத்தில் பெரிதாகக் கேட்டது.

அந்த வாரமே மருந்துக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணாச்சி, ஒரு யோசன சொல்லுதேன். எதுக்கு எல்லாரும் அலையணும்? நம்ம கடை மாடியிலயே நிரந்தரமா வச்சுக்கிடுவோம். அடுத்தால உங்க வீட்டுல கூடும்போது பேசி முடிச்சுருவோம்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அடுத்த முறைதான் என் வீட்டுக்குக் கடைசி முறை என்று புரிந்தது. அன்று அவர்கள் சாப்பாட்டு வீட்டுக்கு வந்த மாதிரி உணர்ந்தால் ஒழிய, இனி இந்த வீட்டுக்குள் சீட்டு விழாது.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் யோசனை கேட்டேன். "ஆர்டர் பண்ணிருங்கப்பா. வீட்டுக்கே வரும்" என்றான். தென்காசியில் எது வீட்டுக்கு வரும், எது வராது என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் பொட்டலத்தைப் பிரித்து வைப்பதற்குப் பெயர் சாப்பாடு போடுவது இல்லை என்று எனக்குத் தோன்றியது. நானே சமைப்பதாகச் சொன்னேன். "கேஸ ஆஃப் பண்ண மறந்துராதீங்க" என்றான்.

எனக்குச் சமையல் தெரியாது என்று சொல்ல முடியாது. தனியாக ஆனபின் ரசமும் அப்பளமும் கைவந்துவிட்டது. விருந்து என்று இலையில் போடுகிற மாதிரிச் சமையலை மட்டும் ஒரே ஒரு தடவை நின்று பார்த்திருந்தேன். அன்று சடங்குக்கு உட்கார்ந்தது மகன். கூடத்தில் எனக்கு வேலை இல்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. சமைக்க வந்திருந்த தவசிப்பிள்ளைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எது முதலில் வேகும், எதற்குத் தேங்காய் அரைக்க வேண்டும், வடை மாவில் தண்ணீர் எவ்வளவு தெளிப்பது என்று அவர் செய்யச் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் பார்க்க முடிந்தது.

அதையே செய்வது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமையே காய் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அடுப்பில் நின்றவன், அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். வெளியே சாரல். வாசலில் கால் துடைக்கச் சாக்குப் போட்டேன். மனது கல்யாண வீடு மாதிரி இருந்தது.

சாப்பாடு இருக்கிறது, வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். சரி என்றார்கள். வந்ததும் ஆட்டத்தில் உட்கார்ந்தோம். முதல் ஆட்டத்திலேயே வாத்தியார் பெரிய சீட்டான ஜாக்கி ஒன்றுகூட இல்லாத கையை வைத்துக்கொண்டு ஏலத்தில் ஏகத்துக்குக் கேட்டுத் தொலைத்தார். தோற்றோம். வாத்தியார் மாட்டிக்கொண்டார். யாரும் சொல்லாமலே நானும் ஒரு கிளிப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டேன். செங்கோட்டைக்காரர் தயங்கிவிட்டுப் பிறகு கைகொட்டிச் சிரித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்தக் கிளிப்போடுதான் பரிமாறினேன். உள் அறையில் தரையில் பாய் விரித்து, நான்கு இலை போட்டு, ஒன்றொன்றாகக் கொண்டுவந்து வைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய், பிரண்டைத் துவையல், எள்ளுத் துவையல். உளுந்த வடை. சோறு போட்டுப் பாசிப்பருப்பு ஊற்றினேன். மிளகுக் குழம்பு கிண்ணத்தில் தயாராக இருந்தது. பாயசமும் உண்டு.

யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. மருந்துக் கடைக்காரர் இலையைப் பார்த்தார், வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் வடையை லேசாகப் பிட்டு, உள்ளே வெங்காயம் இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எதிலும் இல்லை. காதில் கிளிப் தொங்க ஒருவன் குழம்புக் கிண்ணத்தோடு நிற்கிறான், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. உப்பு போட மறந்துவிட்டேனோ என்று நான் நினைத்தேன்.

வாத்தியார்தான் மெதுவாகக் கேட்டார். "ஏம்வே, இன்னைக்கு யாருக்குத் திதி?"

அப்போதுதான் நான் இலையைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சமைத்திருந்தேனே தவிர, மொத்தமாகச் சேர்த்துப் பார்க்கவே இல்லை. பிரண்டையும் எள்ளும் வாழைக்காயும் வெங்காயமில்லாத வடையும் ஒரே இலையில் வந்தால் அது என்ன சாப்பாடு என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் பெண்டாட்டி திவசத்துக்குச் சமைத்ததை அப்படியே, ஒரு துவையல்கூட விடாமல், சீட்டு விளையாட வந்தவர்களுக்கு விருந்து என்று வைத்துவிட்டேன்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. காது கொதித்தது. "எடுத்துருதேன்" என்றேன். "எல்லாத்தையும் எடுத்துருதேன். அஞ்சு நிமிஷம் இருங்க, ரோட்டுக்குப் போயி ஏதாவது வாங்கியாரேன்." குனிந்து முதல் இலையைப் பிடித்தேன்.

வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இலையில போட்டத எடுக்கக் கூடாதுவே. உக்காரும்."

அந்த நேரம் பார்த்துப் பின்பக்கச் சுவரில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்து கத்தியது. தினமும் சோறு வைக்கிற இடம். அது வழக்கப்படி வந்தது. மருந்துக் கடைக்காரரால் அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தினார், தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். செங்கோட்டைக்காரர் ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு எழுந்தார். "பாவம், அதுக்கு விசக்குது, பசியோட வந்திருக்கு. முதல்ல அவங்களுக்கு வச்சுருவோம்" என்று போய்ச் சுவரில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிறகு சாப்பிட்டார்கள். "திவசச் சாப்பாட்டு ருசியே தனிதாம்வே. வெளிய சொன்னா ஏசுவாங்கன்னு எவனும் சொல்லுததில்ல" என்று வாத்தியார் பிரண்டைத் துவையலை இன்னொரு தரம் கேட்டு வாங்கினார். செங்கோட்டைக்காரர் வடையை எண்ணாமல் தின்றார். சாப்பாட்டுக்கு எதிர்க்கட்சியான மருந்துக் கடைக்காரர் பாயசத்தை இலையிலேயே வாங்கி வழித்துச் சாப்பிட்டார். என்னையும் உட்கார வைத்து வாத்தியாரே எனக்குப் போட்டார். என்ன சாப்பிட்டேன், எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமில்லை. அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன்.

கை கழுவிவிட்டு வந்த மருந்துக் கடைக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அடுத்த தடவ இங்கன வரும்போது சாம்பார் வச்சிருங்க அண்ணாச்சி. வெங்காயம் நெறையப் போட்டு."

"கடை மாடி?" என்றேன்.

"அது எங்க போயிருது? இங்க சாப்பாடுல்லா போடுதீங்க" என்றார்.

அவ்வளவுதான். என் முறை எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. மூன்று பேரும் கூடத்துக்குப் போனார்கள். சீட்டைக் கலைத்துப் போடும் சத்தம் கேட்டது. சுவரில் சாய்ந்துகொண்டு கீழப்பாவூர்க் கோயில் கூட்டத்தைப் பற்றி வாத்தியார் ஏதோ ஆரம்பித்தார். அவசரமில்லாத பேச்சு. இனிச் சாயங்காலம் வரை போகும்.

நான் இலை எடுக்க உள்ளே போனேன். அவள் செய்கிற மாதிரியே முதலில் நின்று பார்த்தேன். திவசச் சாப்பாடு என்று தெரிந்து, சொல்லி, சிரித்துச் சாப்பிட்ட மூன்று பேரும் இலையைத் தங்கள் பக்கமாகவே மூடியிருந்தார்கள். மூன்றும் உட்பக்கம். மருந்துக் கடைக்காரர் இலை பிரிந்துவிடாமல் இருக்க டம்ளரைக்கூட மேலே வைத்திருந்தார்.

நாலாவது இலை எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடியிருந்தது.

அது நான் சாப்பிட்ட இலை. எப்போது அப்படி மூடினேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களோடு சிரித்துக்கொண்டேதான் மூடியிருக்க வேண்டும். அவர்கள் மூன்று பேரும் என் வீட்டு விருந்தைச் சாப்பிட்டு எழுந்திருக்கிறார்கள். நான் மட்டும் துக்க வீட்டில் சாப்பிட்டு எழுந்திருக்கிறேன். பாத்திரங்களுக்கு நடுவில் நின்று அழுதேன், சத்தம் வராமல்.

"என்னவே, இலைய எடுக்கப் போனீரா, மடம் கட்டப் போனீரா? வாரும், ஏலத்துல உம்ம கேள்விதான்" என்று வாத்தியார் கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"வாறேன்" என்றேன். கண்ணைத் துடைத்தபோது காதில் கிளிப் இன்னும் இருப்பது கையில் பட்டது. குனிந்து, யாரும் பார்த்துவிடாதபடி என் இலையை முதலில் எடுத்து வாளியில் போட்டேன். அதன் மேல் அவர்களுடைய மூன்று இலைகளையும் வைத்தேன்.